கர்னாத்தா நகரும் நம் வீட்டுப் பரணும்

ஸ்பெயின் என்றவுடன் நம்மவர்களுக்குக் குர்துபாப் பள்ளிவாசலின் தூண்கள் நினைவுக்கு வரும். அதே நாட்டில், அதற்குத் தென்கிழக்கே, மலையடிவாரத்தில் மற்றொரு நகரம் இருக்கிறது. அரபு நூல்களில் அதன் பெயர் கர்னாத்தா. இன்றைய உலகப் படத்தில் கிரனாடா. அந்நகரை இம்மாதப் பாடமாக நம் வாசக அன்பர்கள்முன் வைக்க விழைகின்றோம்.

"ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் இருக்கும் எங்களுக்கு ஸ்பெயின் நாட்டு நகரம் எதற்கு?" என்று சகோதரிகள் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆகவே, முதலில் நம் பகுதியில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்.

ராயபுரத்தில் ஒரு பழைய வீட்டை இடித்துக் கட்டத் தொடங்கினார்கள். பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினார்கள். உள்ளே பழுப்பேறிய கிதாபுகள். அரபு எழுத்தைக் கண்டதும் வீட்டார் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கிழிந்த முஸ்ஹபுத் தாள்களோடு சேர்த்து மூட்டையாகக் கட்டி, கடலில் விடுவதற்கென்று பள்ளிவாசலில் கொண்டுவந்து சேர்த்தார்கள். நாம் அப்போது அங்கே இருந்தோம். பெரியவர் ஒருவர் மூட்டையைப் பிரித்து, மேலிருந்த கிதாபில் இரண்டு வரி வாசித்தார். அப்படியே நிறுத்திவிட்டார். எழுத்து அரபு, பேச்சோ தமிழ்! ஒளுவின் பர்ளுகளை ஒரு தாய் தன் மகளுக்கு அருகில் அமர்ந்து சொல்லிக் கொடுப்பதைப் போன்ற எளிய தமிழ்.

மூட்டையைக் கொண்டுவந்த பெண்மணியிடம் அதைச் சொன்னபோது அவர் கண் கலங்கிவிட்டார். "எங்க உம்மம்மா தினமும் அஸருக்கு அப்புறம் இதைத்தான் ஓதிக்கிட்டிருப்பாங்க, ஹஜ்ரத். அரபுன்னுதான் நாங்க நினைச்சோம். தமிழுன்னு தெரியாமப் போச்சே!" என்றார்.

கர்னாத்தாவின் கதையைப் படித்து முடிக்கும்போது, இந்தச் சிறு நிகழ்ச்சி எவ்வளவு பெரிய செய்தி என்பது விளங்கும்.

நகரின் அமைப்பு

பனி மூடிய ஸியரா நெவாடா மலையின் அடிவாரத்தில், ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் கர்னாத்தா அமைந்திருக்கிறது. தர்ரோ, ஷனீல் என்னும் இரு ஆறுகள் அங்கே கூடுகின்றன. மேற்கே பரந்த வயல்வெளி. ஒரு குன்றின்மேல் அல்ஹம்ரா கோட்டையும் அரண்மனைகளும் நிற்கின்றன. அல்ஹம்ரா என்றால் செந்நிறமானது. அதன் மதில்களின் மண் நிறத்தால் வந்த பெயர். அதற்கு எதிர்க் குன்றில் அல்பாயிஸீன் என்ற பழைய குடியிருப்பு. குறுகிய சந்துகளும் வெள்ளைச் சுவர் வீடுகளும் அதன் அடையாளம். அல்ஹம்ராவும் அதன் அருகிலுள்ள ஜன்னத்துல் ஆரிஃப் தோட்டமும் 1984-ஆம் ஆண்டிலும், அல்பாயிஸீன் 1994-ஆம் ஆண்டிலும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டன.

தாரிக் இப்னு ஸியாத் 711-இல் ஸ்பெயின் கரையில் இறங்கினார். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸீரி வம்சத்தார் கர்னாத்தாவைத் தலைநகராக்கினர். குர்துபா 1236-லும் இஷ்பீலியா 1248-லும் கைவிட்டுப் போயின. அந்தக் காலத்தில் முஹம்மது இப்னுல் அஹ்மர் என்பவர் 1238-இல் கர்னாத்தாவுக்குள் நுழைந்து நஸ்ரு வம்ச ஆட்சியை நிலைநாட்டினார். அவர் தொடங்கிய கோட்டையே அல்ஹம்ரா. அந்த ஆட்சி 1492 வரை நீடித்தது.

"அல்லாஹ்வைத் தவிர வெற்றியாளன் வேறெவனுமில்லை" என்னும் பொருளுடைய அரபு வாசகம் அந்த வம்சத்தின் முத்திரைச் சொல். அல்ஹம்ராவின் சுவர்களில் அது எண்ணற்ற முறை செதுக்கப்பட்டிருக்கிறது. இன்று அங்கே செல்லும் சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலோர் அதை வெறும் பூவேலையாகவே பார்த்துச் செல்கின்றனர். எழுத்து இருக்கிறது, வாசிப்பவர் இல்லை. வாசகர்கள் இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

நீரும் கல்வியும் பேச்சும்

அந்நகரின் கலாசாரத்தை மூன்று சொற்களில் அடக்கலாம்: நீர், கல்வி, பேச்சு.

முதலாவது நீர். குன்றின்மேல் ஆறு இல்லை. ஆகவே தர்ரோ ஆற்றின் மேற்பகுதியில் நீரைத் தடுத்து, சுமார் ஆறு கிலோமீட்டர் தூரம் சரிவறிந்து வாய்க்கால் வெட்டி அல்ஹம்ராவுக்குக் கொண்டு வந்தார்கள். அரண்மனைத் தடாகத்துக்கும் தோட்டத்துக்கும் ஒளுச் செய்யும் இடத்துக்கும் அந்த ஒரே வாய்க்கால் நீர்தான் போயிற்று. நகருக்குள்ளே பொது ஹம்மாம்கள் இருந்தன. பதினோராம் நூற்றாண்டில் கட்டிய ஒன்று இன்றும் தர்ரோ கரையில் நிற்கிறது. தண்ணீர் லாரியின் ஓசைக்காகக் குடத்தோடு காத்து நின்ற வடசென்னைத் தாய்மாருக்கு நீரின் அருமையை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது கல்வி. சுல்தான் முதலாம் யூசுஃப் 1349-இல் அங்கே ஒரு மத்ரஸாவை நிறுவினார். அதன் கட்டடத்தில் ஒரு பகுதி இன்றும் இருக்கிறது. கர்னாத்தாப் பல்கலைக்கழகத்தின் பராமரிப்பில் உள்ளது. "அல்பஹ்ருல் முஹீத்" என்னும் தஃப்ஸீரை எழுதிய அபூ ஹய்யான் அவர்கள் 1256-இல் அந்நகரில் பிறந்தவர்கள். ஷரீஅத்தின் நோக்கங்களை ஆராயும் "அல்முவாஃபகாத்" நூலின் ஆசிரியர் இமாம் அபூ இஸ்ஹாக் ஷாத்திபீ அவர்கள் 1388-இல் அங்கேயே மறைந்தார்கள். நம் தென்னகத்து அரபிக் கல்லூரிகளில் இலக்கணம் ஓதும் மாணவர் "அல்ஃபிய்யா"வை மனனம் செய்வதுண்டு. அதை இயற்றிய இப்னு மாலிக் அவர்கள் பிறந்த ஜய்யான் நகரம் கர்னாத்தாவுக்கு வடக்கே அண்மையில்தான் இருக்கிறது. ஆக, அந்த மண்ணின் கிதாபு நம் பிள்ளைகளின் மடியில் இருந்து வந்திருக்கிறது!

மூன்றாவது பேச்சு. ஸ்பானிய மொழியில் இன்றும் ஆயிரக்கணக்கான அரபுச் சொற்கள் வழங்குகின்றன. எண்ணெய்க்கு "அஸெய்தே", அது அரபு ஸைத். சர்க்கரைக்கு "அஸூகார்", அது ஸுக்கர். வாய்க்காலுக்கு "அஸேக்கியா", அது ஸாக்கியா. துறைமுகச் சுங்கத்துக்கு அவர்கள் சொல்லும் "அதுவானா" நம் திவான் என்னும் சொல்லின் வழிவந்தது. ஏதேனும் நல்லது நடக்க வேண்டும் என்று விரும்பும்போது "ஓஹாலா" என்பார்கள். அல்லாஹ் நாடினால் என்னும் அரபுச் சொற்றொடரே அப்படித் தேய்ந்தது. இதில் வியப்பென்ன? துறைமுகத்து வேலைக்குப் போகும் நம்மவரும் வசூல், பாக்கி, ரத்து, ஜாமீன், வக்கீல் என்று நாள்தோறும் அரபுச் சொற்களைத் தமிழாகவே பேசி வருகிறோம் அல்லவா?

இருவேறு கரைகளையும் கண்டவர்

கர்னாத்தாவையும் நம் தமிழ் மண்ணையும் ஒரே கண்ணால் கண்டவர் ஒருவர் உண்டு. அவர்தாம் தன்ஜாவில் 1304-இல் பிறந்த இப்னு பதூதா. இலங்கையிலிருந்து புறப்பட்டுக் கடலில் துன்புற்று, 1344-ஐ ஒட்டி மஅபர் என்று அரபிகள் அழைத்த நம் தமிழ்க் கரையில் இறங்கினார், மதுரைக்கும் சென்றார். தாயகம் திரும்பியபின் 1350-ஐ ஒட்டிக் கர்னாத்தாவைப் பார்த்தார். சமர்கந்து, தப்ரேஸ் முதலிய ஊர்களிலிருந்து வந்த ஃபகீர்கள் அங்கே குடியேறி வாழ்ந்ததையும், அவர்களுள் இந்தியாவைச் சேர்ந்தவர்களும் இருந்ததையும் அவர் சொல்லியிருக்கிறார். அந்நகரில் அவர் சந்தித்த இப்னு ஜுஸை என்ற இளம் அறிஞர்தாம், பின்னர் ஃபாஸ் நகரில் அவர் வாய்மொழியைக் கேட்டு 1355-இல் பயண நூலை எழுதி முடித்தார். நம் மதுரையைப் பற்றிய அந்தச் செய்திகள் ஒரு கர்னாத்தாக்காரரின் பேனா வழியாகவே உலகுக்குக் கிடைத்தன.

வீழ்ச்சி

குறைகளை மறைத்துப் பாடம் சொல்வது நேர்மையன்று. 1066-இல் அந்நகரில் யூதர்கள் பெருந்தொகையினர் கலவரத்தில் கொல்லப்பட்டனர்; அடைக்கலம் பெற்ற மக்களுக்கு இழைத்த அந்த அநீதி நம் மார்க்கத்துக்கு உகந்ததன்று. நஸ்ரு ஆட்சியை நிறுவிய இப்னுல் அஹ்மரே, இஷ்பீலியாவை முற்றுகையிட்ட காஸ்டில் மன்னனுக்குத் துணைப் படை அனுப்பினார். கடைசிக் காலத்தில் சுல்தான் அபுல் ஹஸனும், மகன் அபூ அப்தில்லாவும், சிற்றப்பா ஸகலும் ஒருவரோடொருவர் பொருதினார்கள். எதிரி வாயிலில் நிற்கும்போது வீட்டுக்குள் சண்டை! முடிவு வேறெப்படி இருக்கும்? 1491 நவம்பரில் உடன்படிக்கை எழுதப்பட்டது. 1492 ஜனவரி 2-ஆம் நாள் நகரத்தின் சாவி கைமாறியது.

பள்ளிவாசல்கள் அப்படியே இருக்கும், தொழுகைக்குத் தடையில்லை, முஸ்லிம்களின் வழக்குகளை அவர்களுடைய காஜியே தீர்ப்பார் என்றெல்லாம் அந்த உடன்படிக்கை வாக்களித்தது. பத்து ஆண்டுகூட அது நிலைக்கவில்லை. 1499-இல் வந்த ஸிஸ்னெரோஸ் என்னும் கிறிஸ்தவ மதத் தலைவர் கட்டாய மதமாற்றத்தில் இறங்கினார். அரபு நூல்களைத் திரட்டித் தீயிலிட ஆணையிட்டார். மருத்துவ நூல்கள் சில மட்டுமே தப்பின. 1502-இல் காஸ்டில் ஆட்சிப் பகுதி முழுவதும், ஞானஸ்நானம் பெறு அல்லது நாட்டை விட்டு வெளியேறு என்னும் கட்டளை பிறந்தது.

1567-இல் மற்றொரு சட்டம் வந்தது. அரபு பேசுவதும் எழுதுவதும் குற்றமாயின. ஹம்மாம்களை இடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமையும் பண்டிகை நாட்களும் வீட்டுக் கதவைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். உள்ளே எவரேனும் குளிக்கிறார்களா, தொழுகிறார்களா என்று கண்காணிப்பதற்காக! பிரான்ஸிஸ்கோ நூன்யெஸ் முலே என்ற முதியவர் அதிகாரிகளிடம் முறையிட்டார். எகிப்திலும் சிரியாவிலும் கிறிஸ்தவர்களே அரபு பேசுகிறார்களே, மொழி எப்படி மதமாகும் என்று வாதாடினார். செவிசாய்ப்பார் இல்லை. மறு ஆண்டே கிளர்ச்சி மூண்டது. அது அடக்கப்பட்டபின் கர்னாத்தாப் பகுதி மக்கள் குடும்பம் குடும்பமாக வேறு மாநிலங்களுக்குச் சிதறடிக்கப்பட்டனர். இறுதியில் 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டார்கள்.

சுவருக்குள் வாழ்ந்த கிதாபுகள்

நூற்றாண்டுக்கு மேலாக அந்த மக்கள் தீனை எப்படிக் காத்தார்கள்? 1504-இல் வஹ்ரான் நகரின் முஃப்தி ஒருவர் அவர்களுக்கு ஒரு ஃபத்வா அனுப்பினார். வெளிப்படையாகத் தொழ முடியாதவர் சைகையாலேனும் தொழட்டும். பகலில் இயலாவிடில் இரவில் நிறைவேற்றட்டும். தண்ணீர் தொட அஞ்சுபவர் சுவரைத் தடவித் தயம்மும் செய்துகொள்ளட்டும் என்று அதில் வழிகாட்டினார். ஐந்து வேளையும் பாங்கோசை கேட்டும் சோம்பிக் கிடக்கும் நாம் இதைப் படிக்கும்போது தலைகுனியத்தான் வேண்டும்.

அரபு மொழி மெல்ல மறந்து போயிற்று. பிள்ளைகளுக்குத் தெரிந்தது ஸ்பானியப் பேச்சு மட்டுமே. அப்போது அவர்கள் ஒரு வழி கண்டார்கள். பேச்சு ஸ்பானியம், எழுத்து அரபு! தொழுகை முறை, நபிமார் வரலாறு, துஆக்கள் அனைத்தையும் அவ்வாறு எழுதி வைத்தார்கள். அந்த எழுத்து முறைக்கு அல்ஹமியாதோ என்று பெயர். அஜமிய்யா என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அரபில் "ப" ஓசை இல்லாததால், பா என்னும் எழுத்தின்மேல் ஷத்து இட்டு அந்த ஓசையை உண்டாக்கிக்கொண்டார்கள். அவ்வாறு எழுதியவர்களுள் அரேவாலோ ஊர் வாலிபர் என்று மட்டும் அறியப்படும் ஒருவர், கர்னாத்தாவில் வாழ்ந்த உபேதா ஊர் மூதாட்டி ஒருவரிடம் தாம் பாடம் கேட்டதை நன்றியோடு குறித்திருக்கிறார். ஆண்கள் வாய் திறக்க அஞ்சிய காலத்தில் ஒரு கிழவி உஸ்தாதாக இருந்தார்! வீட்டுப் பெண்களால் தீன் பிழைத்தது.

அந்தக் கிதாபுகள் பிடிபட்டால் விசாரணை மன்றம், சிறை, சில வேளை தீக்குழி. ஆகவே அவற்றைச் சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் ஒளித்தார்கள். 1884-இல் அரகோன் பகுதியில் அல்மோனாஸித் என்னும் ஊரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, போலித் தளத்தின் அடியிலிருந்து கையெழுத்துப் பிரதிகள் கட்டுக்கட்டாக வெளிவந்தன. எத்தனையோ ஆண்டு பத்திரமாக இருந்த அவற்றில் ஒரு பகுதி, இன்னதென்று அறியாதவர்கள் கையில் கிழிந்தும் எரிந்தும் போயிற்று. எஞ்சியவை நூலகங்களைச் சேர்ந்தன. அண்மையில், 2003-இல், பழைய கர்னாத்தா ராஜ்ஜியத்தைச் சேர்ந்த கூத்தார் என்ற சிற்றூரில் ஒரு வீட்டைச் செப்பனிட்டபோது, சுவருக்குள்ளிருந்து ஒரு குர்ஆன் பிரதியும் வேறு ஏடுகளும் கிடைத்தன. அதே 2003-இல்தான் அல்ஹம்ராவுக்கு எதிர்க் குன்றில் புதிய பள்ளிவாசல் திறக்கப்பட்டு, ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் அங்கே பாங்கு ஒலித்தது. அல்ஹம்துலில்லாஹ்!

நம்முடைய அரபுத் தமிழ்

இப்போது ராயபுரத்துத் தகரப் பெட்டிக்கு வருவோம்.

பேச்சு நாட்டு மொழி, எழுத்து அரபு என்னும் அதே வழியை, எந்தக் கட்டாயமும் இல்லாமல், அன்பினால் மேற்கொண்டவர்கள் தமிழ் முஸ்லிம்கள். அதற்கு அரபுத் தமிழ் என்றும் அர்வி என்றும் பெயர். ட, ண, ள, ழ, ஞ போன்ற ஓசைகளுக்காக, அரபு எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகள் அமைத்தார்கள். குர்ஆன் ஓதப் பழகிய ஒரு பெண், தமிழ் எழுத்து அறியாதவளாக இருந்தாலும், தன் தாய்மொழியில் மார்க்கத்தைத் தானே வாசித்துக்கொள்ள அது வாசலைத் திறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் "மகானி"யும் "ஃபத்ஹுத் தய்யா"னும் வீட்டுக்கு வீடு ஓதப்பட்டவை. இத்தகைய நூல்கள் சென்னை, பம்பாய், கொழும்பு அச்சகங்களில் அச்சேறின. கப்பல் ஏறிக் கீழ்த்திசை நாடுகளுக்கும் போயின. நம் எண்ணூருக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டின் பெயரால் மலாய் நாட்டில் கைலிக்குக் "காயின் பெலிக்காத்" என்று இன்றும் வழங்குகிறது. துணி சென்ற கடல் வழியிலேயே கிதாபும் சென்றது.

இன்று அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் முதியோர். ஒவ்வொரு ஜனாஸாவோடும் ஒரு வாசகர் குறைகிறார்.

சிந்தித்துப் பாருங்கள். கர்னாத்தாவில் கிதாபை எரித்தவர்கள் பகைவர்கள், காத்தவர்கள் வீட்டார். இங்கே பகைவர் எவரும் இல்லை. எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. நாமே, அதுவும் கண்ணியம் செய்வதாக எண்ணி, முத்தமிட்டுக் கடலில் விடுகிறோம்! கிழிந்த முஸ்ஹபுத் தாள்களை மிதிபடாத தூய இடத்தில் அடக்கம் செய்வது முறைதான். அதை நாம் குறை கூறவில்லை. எது முஸ்ஹபு, எது நம் பாட்டிமார் நமக்கென்று விட்டுச் சென்ற பாடம் என்று பிரித்தறியாமல் விடுவதைத்தான் குறை கூறுகிறோம். இறங்கிய முதல் வஹீயே ஓதுமாறு ஏவிற்று. எழுதுகோலைக் கொண்டு கற்பித்ததை எடுத்துச் சொல்லிற்று. ஓதாமல் புதைப்பது அதற்கு மரியாதையாகுமா?

வீட்டில் செய்ய வேண்டியவை

ஒன்று: பரணிலோ அலமாரியிலோ அரபு எழுத்துள்ள பழைய கிதாபு இருந்தால், மூட்டை கட்டுமுன் ஓர் ஆலிமிடமோ முதியவரிடமோ இரண்டு வரி வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பழைய பேப்பர் கடைக்கு மட்டும் ஒருபோதும் போடாதீர்கள்.

இரண்டு: நம் கடலோரக் காற்றில் உப்பும் ஈரமும் அதிகம். கிதாபைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். பருத்தித் துணியில் சுற்றி, காய்ந்த வேப்பிலையோ வசம்போ உடன் வைத்து, மழைக்காலம் கழிந்ததும் நிழலில் காற்றாட வையுங்கள். கிழிசலுக்கு ஒட்டும் நாடா வேண்டாம். அது தாளையே தின்றுவிடும்.

மூன்று: வீட்டில் வாசிக்கத் தெரிந்த உம்மம்மாவோ பெரியம்மாவோ இருந்தால், அவர்கள் வாசிப்பதைப் பேரப் பிள்ளைகள் தமிழ் எழுத்தில் எழுதட்டும். கைப்பேசியில் குரலைப் பதிந்து, பக்கங்களைப் படம் எடுத்து வைக்கட்டும். இதற்குப் பணச் செலவில்லை, மனம் வேண்டும்.

நான்கு: குர்ஆன் ஓதும் பிள்ளைக்கு அர்வியில் கூடுதலாக உள்ள எழுத்துகள் பன்னிரண்டு அளவே. அவற்றை வீட்டிலேயே சொல்லிக் கொடுங்கள். பழகிவிட்டால் தானே வாசிக்கும்.

அந்த மூட்டையிலிருந்த கிதாபு இன்று அந்த வீட்டிலேயே இருக்கிறது. அஸருக்குப் பின் அந்தப் பெண்மணியின் மகள் அதை எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். தாய் அருகில் அமர்ந்து கேட்கிறார். "எங்க உம்மம்மா குரல் மாதிரியே இருக்கு" என்று நம்மிடம் சொன்னார்.

பாடத்திலிருந்து பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய வினாக்கள்

1. கர்னாத்தா எந்த ஆண்டு கைமாறியது? உட்பகை அதற்கு எப்படிக் காரணமாயிற்று?

2. தயம்மும் பற்றி வஹ்ரான் முஃப்தி சொன்ன வழி என்ன? நமக்கு இருக்கும் வசதியில் நாம் தொழுகையை விடலாமா?

3. அல்ஹமியாதோவுக்கும் அரபுத் தமிழுக்கும் உள்ள ஒற்றுமை என்ன? வேற்றுமை என்ன?

4. நம் வீட்டில் அத்தகைய கிதாபு இருக்கிறதா? யார் ஓதியது?

நான்காம் வினாவுக்கு விடை தேட, அன்பர்களே, இன்றே பரணில் ஏறிப் பாருங்கள். பயனுள்ள கல்வியையும், அதைக் காக்கும் நல்லெண்ணத்தையும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததிக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.